பவளத்துக்கு எந்த விளக்கு?

“அம்மணி, இந்த மூணுல எந்த லைட்டு?”

கடைக்குள் காலை வைப்பதற்கு முன்பே கேட்டுவிட்டார் சென்னியப்பன். நீட்டிய கையில் ஃபோன். ஃபோனில் மூன்று எல்.இ.டி. விளக்குகளின் படம்.

ஷெஹனாஸ் நிமிரவில்லை. உப்புநீர்த் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு, ஒரு பவளத் துண்டைப் பாறையில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“வாங்கண்ணா. போன மாசம் வாங்குன லைட்டு என்னாச்சு?”

“பிடிக்கல. விக்கப்போறேன்.”

“அதுக்கு முந்தின மாசத்து லைட்டு?”

“மாடிப்படிக்கு மாட்டிட்டேன்.”

உக்கடத்தில் எல்லாக் கடைகளிலும் மீன் உண்டு. பாதி குழம்புக்கு, பாதி கண்ணாடித் தொட்டிக்கு. உயிருள்ள பவளம் வளர்ப்பது ஷெஹனாஸ் ஒருத்திதான். வயது இருபத்தேழு.

சென்னியப்பனுக்கு ஐம்பத்தொன்று. கோயம்புத்தூரின் பாதிக் கல்யாண மண்டபங்களுக்கு அவருடைய லைட் செட்தான். ஆனாலும் இந்தக் கடைக்குள் வந்தால் கைகட்டித்தான் நிற்பார்.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வருபவருக்கு ஒரே ஒரு துண்டுதான் கொடுப்பாள். அது விரிந்து பிழைத்தால் அடுத்தது. செத்துப்போனால் அப்புறம் எவ்வளவு கேட்டாலும் கிடையாது.

அவருக்குக் கிடைத்தது பொத்தான் பவளம். கட்டைவிரல் அகலப் பாறைத் துண்டின் மேல், சட்டைப் பொத்தான் அளவில், இருபத்து நாலு பச்சை மொட்டுகள்.

“இப்ப அது எப்படி இருக்கு?”

சென்னியப்பனின் கை தாழ்ந்தது.

“பன்னெண்டு நாளா மூடியே கெடக்குது அம்மணி. செத்துருமா?”

“இப்படியே விட்டா செத்துரும்.”

“முப்பது வருசமா லைட்டு போடறேன். எனக்கு வசப்படாத லைட்டுன்னு ஒண்ணு இருந்ததில்ல.”

“எப்படி மாட்டியிருக்கீங்க?”

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. காற்றிலேயே கையால் மாட்டிக் காட்டினார்.

“முன்கண்ணாடிக்கு மேல. இப்படிச் சாய்ச்சு. பொண்ணு மாப்பிள்ளைக்கு வெக்கிற மாதிரி. வெளிச்சம் நேரா மூஞ்சியில விழோணும். பின்னாடி கொஞ்சம் இருட்டு. சோபாவுல உக்காந்து பார்த்தா அப்படியே ஜொலிக்கோணும்!”

“தெனமும் மாத்துவீங்களா?”

“நாலஞ்சு தடவ. கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம். கல்யாண வீட்டுல சும்மா உக்காந்திருக்க முடியுங்களா?”

ஷெஹனாஸ் கையை வெளியே எடுத்துத் துடைத்தாள். சென்னியப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஃபோனை நீட்டினார்.

அவள் படங்களை ஒரு பார்வைதான் பார்த்தாள்.

“எதுனாலும் வாங்குங்க.”

“என்னுங்க அம்மணி இது! டாக்டர்கிட்ட எந்த மாத்திரைன்னு கேட்டா, கடையில கெடைக்கறதப் போடுங்கன்னு சொல்ற மாதிரி இருக்குது!”

“மூணுமே பவளத்துக்குன்னு பண்ணுனதுதான். அதுக்கு வேண்டிய நீல வெளிச்சம் மூணுலயும் இருக்கு. உங்க ரெண்டடித் தொட்டிக்கு மூணும் போதும்.”

மேசைக்கடியில் இருந்து முந்தின நாள் பேப்பரை இழுத்து அவரிடம் கொடுத்தாள்.

“இத சுத்திலும் கண்ணாடியில ஒட்டிருங்க. லைட்ட நேரா தொட்டிக்கு மேல தொங்க விடுங்க. கால்வாசி வெளிச்சம் போதும். பத்து நாளைக்கு ரெண்டையும் தொடக்கூடாது.”

“கண்ணாடிய மூடிட்டா அப்புறம் நான் எப்படிப் பாக்கறது?”

அவள் அடுத்த துண்டை எடுத்துப் பசை தடவ ஆரம்பித்திருந்தாள்.



மூன்றில் நடுவில் இருந்ததை வாங்கினார். சொன்னபடியே தொங்கவிட்டார். சொன்னபடியே ஒட்டினார்.

முதல் நாள் சோபாவில் உட்கார்ந்து பேப்பரைப் பார்த்தார்.

இரண்டாம் நாள் தங்கத்தின் விலை மனப்பாடம் ஆனது. மூன்றாம் நாள் பன்னிரண்டு ராசிக்கும் பலன் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார்.

கை துறுதுறுவென்றது. கொஞ்சமே கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்த்தால் என்ன? எழுந்து போய் மாடிப்படி விளக்கைச் சாய்த்துவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் மருதாசலம் வந்தார். தொட்டியைப் பார்த்தார். சென்னியப்பனைப் பார்த்தார்.

“என்ன மாப்ள, மீனுக்குப் பேப்பர் படிக்கச் சொல்லித் தர்றீங்களா?”

“வைத்தியம் நடக்குது மச்சான். பத்து நாள் கெடு.”

“ஊருக்கெல்லாம் லைட்டு போட்டவரு சொந்த வீட்டுல லைட்டப் போட்டு மூடி வெச்சிருக்கீங்க. உள்ள எல்லாம் காலியா?”

மருதாசலம் சிரித்துக்கொண்டே காபி குடித்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் சென்னியப்பன் தொட்டியருகே மண்டியிட்டார். உள்ளே எல்லாம் காலியா? நகத்தால் டேப்பின் ஓரத்தை நெருடினார். ஒரு மூலை பிரிந்து வந்தது. இன்னும் ஒரு விரற்கடை பிரித்தால் தெரிந்துவிடும்.

செத்துப் போயிருந்தால் இப்போது பார்த்து என்ன செய்ய? உயிரோடிருந்தால் இன்றைக்கே விளக்கைத் திருப்பாமல் தன் கை சும்மா இருக்குமா?

மூலையை அழுத்தி ஒட்டினார். நாலு தடவை தேய்த்தார்.



உப்புநீர்த் தொட்டியில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. அதனால் தினமும் காலையில் தண்ணீரைச் சுழற்றும் பம்பை நிறுத்தி, ஒரு செம்பு நல்ல தண்ணீர் ஊற்றியாக வேண்டும். ஏழு நாளும் அந்த வேலையைப் பேப்பர் படித்துக்கொண்டேதான் செய்தார்.

எட்டாம் நாள் படிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

செம்பைச் சரித்தபடி சும்மா குனிந்தார். பம்பு நின்றதால் தண்ணீர் அசையாமல் கிடந்தது.

அடியில் ஒரு பச்சைப் புள்ளி.

பக்கத்தில் இன்னொன்று.

செம்பைக் கீழே வைத்தார். விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவில் தலையை நுழைத்தார். மூக்கு நனைந்தது.

ஒவ்வொரு பொத்தானைச் சுற்றியும் இமை முடி போல மெல்லிய விளிம்பு. நடுவில் கடுகளவு வாய். எண்ணினார். தப்பிவிட்டது. மறுபடியும் எண்ணினார். இருபத்து நாலு! இருபத்து நாலும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன.

ஒன்றுகூடச் சோபாவின் பக்கம் திரும்பியிருக்கவில்லை.

லைட் செட் போட்ட முதல் கல்யாணத்தில் முதல் சுவிட்சைத் தட்டிய அன்றுகூட நெஞ்சு இப்படி அடித்ததில்லை. ஃபோனை எடுத்தார். கை ஈரத்தில் வழுக்கியது.

“அம்மணி! விரிஞ்சிருச்சு! எல்லாமே! ஒண்ணு விடாம! நான் பாத்துட்டேன் அம்மணி, மேல இருந்து, மேல இருந்து பாத்தா... அய்யோ, எப்படிச் சொல்றது!”

மறுமுனையில் இருந்து ஷெஹனாஸ் கேட்டாள்.

“பம்பு ஓடுதுங்களாண்ணா?”

“அய்யய்யோ!”

ஓடிப்போய் சுவிட்சைப் போட்டுவிட்டு, மூச்சிரைக்க மறுபடியும் ஃபோனை எடுத்தார்.

“சாயங்காலம் வாங்க. அடுத்த துண்டு எடுத்து வெக்கிறேன்,” என்று வைத்துவிட்டாள்.



பதினைந்தாம் நாள் மருதாசலம் மறுபடியும் வந்தார். சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“பத்து நாள்தான் கெடுன்னு சொன்னீங்க. இன்னுமா பிரிக்கல? எதையாவது காட்டுங்க மாப்ள, பாத்துட்டுப் போறேன்.”

சென்னியப்பன் சமையலறைக்குப் போய் ஒரு முக்காலியைத் தூக்கி வந்தார். தொட்டியை ஒட்டிப் போட்டார். ஆடுகிறதா என்று கையால் அழுத்திப் பார்த்தார்.

“ஏறுங்க மச்சான்.”