நாலு எழுபதுக்கு அடிக்க வேண்டிய மணி

ஒரு பள்ளிக்கூட மணியை அடிப்பதற்கென்றே ஒரு மென்பொருள் இருந்தது. கட்டற்ற மென்பொருள். யார் வேண்டுமானாலும் வந்து திருத்தம் கொடுக்கலாம். வருகிற திருத்தங்களை விசாரித்து உள்ளே விட வாசலில் ஒரு விதியேடு உட்கார்ந்திருந்தது.

முதலில் அதில் ஒரே ஒரு விதிதான். “வாங்க, திருத்துங்க, என்ன செஞ்சீங்கன்னு சொல்லிட்டுப் போங்க.” பிறகு ஒரு புண்ணியவான் மணிச் சத்தத்தை எடுத்துவிட்டு ஆட்டுக்குட்டி கத்துகிற சத்தத்தை வைத்துவிட்டுப் போனான். அதற்கு ஒரு விதி. இன்னொருவன் ஞாயிற்றுக்கிழமையும் மணி அடிக்க வைத்தான். அதற்கு மூன்று விதி. ஒவ்வொன்றும் நியாயமான விதிதான், குறை சொல்ல முடியாது. இப்படியே இருநூற்றுப் பதினாலு ஆகிவிட்டது. விதியேட்டுக்குத் தொப்பை போட்டு, எழுந்திருக்கவே இரண்டு பேர் வேண்டும்.

அந்த ஒற்றை விதிக் காலத்திலேயே உள்ளே நுழைந்துவிட்டது ஒரு பிழை. வெள்ளிக்கிழமை கடைசி மணி நாலு பத்துக்கு அடிக்க வேண்டும். பிழை அந்தப் பத்தில் இருந்த ஒன்றைத் தள்ளிவிட்டு அங்கே ஏழாக உட்கார்ந்துகொண்டது. நாலு எழுபது! அந்த நேரம் எந்தக் கடிகாரத்தில் வரும்?

தலைமையாசிரியர் ஞானாதிக்கமோ மணி அடிக்காமல் கேட்டைத் திறக்க மாட்டார். வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு கணக்கு. கணக்கு டீச்சர் ஜெபசெல்வி வேறு வழியில்லாமல் வாய்ப்பாட்டை முப்பத்தாறு வரை கொண்டுபோய்விட்டார். ஆறு மணிக்கு அம்மாக்கள் சுவர் ஏறிக் குதித்துப் பிள்ளைகளைத் தூக்கிப்போனார்கள்.

பொறுக்கமாட்டாமல் டீச்சரே ஒரு குட்டித் திருத்தம் எழுதி அனுப்பினார். ஏழை எடு, ஒன்றைப் போடு. அவ்வளவுதான்.

“நில்லு தம்பி” என்றது விதியேடு. “விதி பதினெட்டு. பதினாலு நாள் வெளியே காத்திருக்கணும்.”

திருத்தம் காத்திருந்தது.

“விதி அறுபத்து மூணு. எதுக்கு வந்தேன்னு முந்நூறு வார்த்தையில விளக்கம் வேணும்.”

“ஒரு எண்ணை மாத்துறதுக்கு முந்நூறா ஐயா?”

“நானூறு வேணாம்னு சொன்னோமே, அதுக்குச் சந்தோஷப்படு.”

டீச்சர் பாவம், ‘ஏழு தப்பு, ஒன்று சரி’ என்பதை முந்நூறு வார்த்தைக்கு இழுத்துக் கொடுத்தார்.

“விதி தொண்ணூத்தேழு. தப்பு நடக்கிற நேரத்துல, தப்பை நேர்ல காட்டணும். நாலு எழுபது ஆகட்டும், பார்ப்போம்.”

வெள்ளிக்கிழமை விதியேடும் திருத்தமும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றன. நாலு ஐம்பத்தெட்டு. நாலு ஐம்பத்தொன்பது. ஐந்து.

“அடடா, கண்ணை மூடித் தொலைச்சிட்டேன் போல” என்றது விதியேடு. “அடுத்த வாரம் வா.”

உள்ளே பிழை கால்மேல் கால் போட்டுக்கொண்டு கைதட்டியது. “ஒழுங்குன்னா உங்ககிட்டதான் கத்துக்கணும்ணே!”

அடுத்த வெள்ளிக்கிழமை மணி நாலு. திருத்தம் வாசலில் விழுந்து அழுதது. “ஐயா, உள்ள நாப்பது பிள்ளைங்க. கடைசி பெஞ்ச்ல ஒரு பையன் ஒண்ணுக்குப் போகணும்னு கை தூக்கினவன் இன்னும் இறக்கலை. டீச்சருக்கு நாலரை பஸ்ஸை விட்டா வேற பஸ் இல்லை. இன்னும் பத்தே நிமிஷம்தான் இருக்கு!”

விதியேட்டுக்கு மனசு இளகிவிட்டது. அதுவும் கெட்டதில்லை, சும்மா தடித்துப்போனது, அவ்வளவுதான். “சரி தம்பி. ‘ஒரு எண் மாத்துறவங்க நேரா உள்ள வரலாம்’னு இப்பவே ஒரு விதி சேர்த்துடறேன்.”

பிழைக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அண்ணே, அண்ணே! விதி சேர்க்கிறதும் ஒரு திருத்தம்தானே? நீங்களே வரிசையை மீறினா ஊரு சிரிக்காது?”

விதியேடு யோசித்தது. “வாஸ்தவம்தான்” என்றது. முக்கி முனகி எழுந்து, வாசலைத் தாண்டி வெளியே போய், குட்டித் திருத்தத்துக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டது.

திருத்தம் முன்னால் பார்த்தது. வாசலில் ஒரு ஈ, காக்கை இல்லை. பின்னால் பார்த்தது. விதியேடு ஒழுங்காகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

திருத்தம் விறுவிறுவென்று உள்ளே போனது. “கொஞ்சம் நகருங்க” என்று பிழையை ஒரு தள்ளு தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்தது. நாலு பத்துக்கு மணி கணகணவென்று அடித்தது. அந்தப் பையன் ஓடிய ஓட்டத்தில் ஞானாதிக்கத்துக்குக் கேட்டைத் திறக்க நேரம் கிடைக்கவில்லை. ஜெபசெல்வி டீச்சர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, முதல் தடவையாக எதையும் பெருக்காமல் வெளியே வேடிக்கை பார்த்தார்.

வெகுநேரம் கழித்து வாசலில் ஒரு குரல் கேட்டது. “உள்ள யாராவது இருக்கீங்களா? ஒரு விதி சேர்க்கணும்.”

திருத்தம் எட்டிப் பார்த்தது. அதற்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “பதினாலு நாள் ஆச்சாய்யா? முந்நூறு வார்த்தை கொண்டாந்திருக்கீங்களா?”

விதியேடு தான் எழுதிவந்த விளக்கத்தின் வார்த்தைகளை எல்லாம் தடவித் தடவி எண்ணிப் பார்த்தது. பிறகு தலையைச் சொறிந்தது.

“இருநூத்தித் தொண்ணூறுதான் இருக்கு தம்பி. கொஞ்சம் பார்த்து விடேன்.”