ஒச்சப்பன் உயரத்துக்கு ஒரு வில்லு

வெளிய கெளம்பும்போது மூளைய வீட்டுலயே பத்திரமா வச்சுட்டுப் போற ஊரு உமிக்குறிச்சி. எடுத்துட்டுப் போனா தேய்ஞ்சிரும் பாருங்க.

அந்த ஊருல ஒச்சப்பன்னு ஒரு வில்லாளி. அஞ்சு முழ உயரம். வாசல்ல நெத்திய இடிச்சுட்டு, அப்புறமா குனிவான். ஆனா குறி வச்சா தப்பாது.

வருசா வருசம் ஏரிக்கரை மரத்துல பானையக் கட்டித் தொங்கவிடுவாங்க. எந்த ஊரு வில்லாளி ஒடைக்கிறானோ, அந்த ஊருக்குத்தான் மொதத் தண்ணி. தோத்த ஊருக்கு அடியில கெடக்குற சகதி. ஒச்சப்பனோட நாத்து ஏற்கெனவே மஞ்சளடிச்சுக் கெடந்துச்சு. இந்தத் தடவ தண்ணி வரலைன்னா மாட்டுக்குத்தான் போடணும். அந்த நேரம் பாத்து, போட்டிக்கு மொத நாளு அவன் வில்லு முறிஞ்சு போச்சு.

ஊர்த்தலைவரு மொக்கையன் அவனுக்குத் தாய்மாமன். ரெண்டு பேரும் சந்தைக்கு ஓடுனாங்க.

"வில்லு ஆளு உயரம் இருக்கணும். எங்கிட்ட இருக்குறது மூணரை முழம். இவருக்குப் புதுசா செய்யணும்னா பத்து நாளாகும்"னாரு வில்லுக்காரரு.

மொக்கையன் மீசையத் தடவுனாரு. "ஆக, வில்லும் ஆளும் ஒரே அளவா இருந்தாப் போதும்?"

"போதும்."

"அப்ப அதையே குடுங்க. ஆள நாங்க சரி பண்ணிக்கிறோம்."

ஒச்சப்பன் ரெண்டடி பின்னால போனான். "மாமா, காலை வெட்டிருவீங்களா?"

"கூமுட்ட! ஒண்ணரை முழம் குழி வெட்டி உன்னைய உள்ள நிறுத்துவோம். மேல மூணரைதானடா தெரியும்?"

இப்படி ஒரு மாமன் யாருக்குக் கெடைக்கும்னு ஒச்சப்பனுக்குக் கண்ணு கலங்கிருச்சு.

மறுநாள் காலையில ஏரிக்கரைக்குக் கீழ மொக்கையன் மூணு பேரக் கூப்பிட்டு, "ஒண்ணரை முழம் தோண்டுங்கடா"ன்னாரு. மூணு பேரும் சொன்ன பேச்சத் தட்டாம ஒரே குழியில ஆளுக்கு ஒண்ணரை முழம் தோண்டுனாங்க. ஒச்சப்பன் எறங்குனான். மண்ணுக்கு மேல தலை மட்டும், பூசணிக்கா மாதிரி.

"மாமா, கை உள்ள மாட்டிக்கிச்சு. அம்பு விட்டா மண்ணுலதான் குத்தும்."

குழியக் கொஞ்சம் மூடலாம்னு ஒருத்தனுக்கும் தோணல. ஊருலயே புத்திசாலின்னு பேரெடுத்தவ சீனித்தாயி. அங்க அந்தப் பேர எடுக்குறது ஒண்ணும் கஷ்டமில்ல. அவ சொன்னா: "அண்ணே, அம்பு போறதுக்கு ஒரு வாய்க்கா வெட்டிருவோமா?"

ஊரே மம்பட்டியத் தூக்குச்சு. குழியில ஆரம்பிச்சு பானைக்கு நேரா வெட்டிக்கிட்டே போனாங்க. குறுக்க ஏரிக்கரை வந்துச்சு. அதையும் வெட்டுனாங்க.

ஏரி சும்மா இருக்குமா? சோன்னு பாஞ்சு வந்து குழிய ரொப்பிருச்சு. ஒச்சப்பனுக்குத் தாடை வரைக்கும் தண்ணி.

"மாமா! தண்ணி வந்துருச்சு! அப்படியே என் நாத்துக்குத் திருப்பி விடுங்க!"

"வாய மூடுடா! பானை ஒடையல இன்னும். ஜெயிக்காம எடுத்தா திருட்டு. ஊரு மானம் என்னாகுறது? கரைய அடைங்க! தண்ணிய மொண்டு ஏரியிலயே ஊத்துங்க!"

நாத்து கண்ணு முன்னாடி வந்துச்சு. ஆனா மாமா சொல்றதுலயும் நியாயம் இருக்கேன்னு ஒச்சப்பன் வாய மூடிக்கிட்டான். தண்ணியும் உள்ள போயிட்டிருந்துச்சு.

சீனித்தாயி உத்துப் பாத்தா. "அண்ணே, தண்ணிக்கு மேல இவன் ஒரு சாண்தான் தெரியுறான். வில்லு மூணரை முழம் இருக்கே?"

"அறுத்து ஒரு சாணாக்கு!"

அறுத்து முடிக்கிறதுக்குள்ள பாதித் தண்ணிய எறைச்சுட்டாங்க. மொக்கையன் அலறுனாரு: "நிறுத்துங்கடா! ஆளு வளர்றான்! வில்லு பத்தாது! ஊத்துங்க!"

பாதி ஊரு மானத்துக்காக மொண்டுச்சு. பாதி ஊரு வில்லுக்காக ஊத்துச்சு. நடுவுல ஒச்சப்பன் ஒரு வழி கண்டுபிடிச்சான். தண்ணி எறங்குனா முட்டிய மடக்குனான், ஏறுனா நிமிந்தான். எப்பவும் சரியா ஒரு சாண். பக்கத்து வயல்ல அவன் நாத்து சுருண்டுக்கிட்டிருந்துச்சு.

பக்கத்து ஊரு வில்லாளி வந்து எட்டிப் பாத்தான். "ஏன்யா, முட்டிய மடக்கத் தெரிஞ்சவன், குழியில எறங்காம மேலயே நின்னு, அந்த மூணரை முழ வில்லுக்குத் தகுந்த மாதிரி மடக்கியிருக்கலாம்ல?"

ஒச்சப்பனுக்குச் சிரிப்பு தாங்கல.

"மேல ஏதுய்யா தண்ணி, எதுவரைக்கும் மடக்கணும்னு தெரியுறதுக்கு?"