கோல் வலை கட்டிய வேலும்மயிலும்

நெதர்லாந்தின் கடலோரத்தில் வெஸ்டர்டைக் என்றொரு சிறு துறைமுக ஊர். அந்த ஊர்க் கால்பந்துக் கழகத்தைக் கடற்காகங்கள் என்று அழைப்பார்கள். கழகத்தின் மைதானத்தில் கோல் வலை கட்டும் வேலை பார்த்து வந்தார் வேலும்மயிலும் என்னும் அடியவர். யாழ்ப்பாணக் கரையின் தொண்டைமானாற்றில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போனவர். போர் துரத்த, குளிர்தேசம் வந்து சேர்ந்தவர்.

ஆட்ட நாள்களில் புல்லின் ஈரம் காயுமுன்னே வந்துவிடுவார். சப்பாத்தைக் கழற்றி மைதான எல்லைக் கோட்டுக்கு வெளியே வைப்பார். வலையை விரித்து, ஒவ்வொரு கண்ணாக விரல் விட்டுப் பார்ப்பார். நைந்த இடத்தைத் தம் பழைய வலை ஊசியால் முடிச்சிட்டுப் பொத்துவார். ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒருமுறை "முருகா" என்பார். முடிந்ததும் கம்பத்தின் அடியில் ஒரு சிறு மஞ்சள் நூல் கட்டுவார். பிறகு மைதானத்தின் நீளம் முழுவதும் நடந்து, மற்றக் கோலுக்கும் அதே நூலை, அதே நாமத்தைச் சொல்லிக் கட்டுவார். கடைசியில் கடல் இருக்கும் திசை நோக்கிக் கும்பிடுவார். எதுவும் கேட்கமாட்டார்.

கேளாமைக்கு ஒரு காரணம் இருந்தது. இளமையில் ஒரு கார்த்திகைப் புயலில், "முருகா, என்னைக் கரை சேர்" என்று நடுக்கடலில் அலறினார். அவருடைய வள்ளம் கரை சேர்ந்தது. பின்னால் வந்த தம்பி அரியரத்தினத்தின் வள்ளம் சேரவில்லை. தாம் கேட்டதனால்தான் தம்பிக்கு இல்லாமற் போயிற்று என்று அவர் நெஞ்சு முடிவு கட்டிவிட்டது. அன்று முதல் தெய்வத்திடம் அவர் கைநீட்டியதில்லை. அரியரத்தினம் இடக்கைக்காரன். அவன் போடும் முடிச்சுகள் எல்லோருடையதற்கும் எதிர்ப்புறமாகச் சுற்றும். இன்னொருவன் அப்படி முடிச்சுப் போட்டு அவர் பார்த்ததேயில்லை.

மனைவி தவமலருக்கு இந்த விரதம் பிடிக்காது. "ஒண்டுமே கேக்காட்டி, உப்பிடி ஒரு ஆள் இருக்கிறார் எண்டே அவருக்கு மறந்துபோமப்பா" என்பார்.

"மறக்கட்டுமன். நான் மறக்கேல்லைத்தானே" என்று சொல்லிக்கொண்டே அவர் சைக்கிளில் ஏறுவார்.

அந்த ஆண்டு ஓகஸ்டில் தொடங்கிய பருவம் கடற்காகங்களுக்குக் கொடியதாக அமைந்தது. டிசம்பர் நத்தார் விடுமுறைக்குள் பதினெட்டு ஆட்டங்களில் இரண்டே வெற்றி. முதற்பிரிவின் பதினெட்டுக் கழகங்களில் பதினெட்டாவது இடம். அந்த இடத்தில் பருவம் முடிந்தால் இரண்டாம் பிரிவுக்கு இறங்கவேண்டும். மீன் சந்தையும் பாதி மூடிவிட்ட அந்த ஊரில் பெருமைப்பட வேறொன்றும் மிச்சமிருக்கவில்லை.

தையில் ஒருநாள் கோல்காப்பாளர் குனிந்தபோது மஞ்சள் நூல் கண்ணில் பட்டது. அன்று ஏழு பந்துகளைத் தடுத்தார். கழகம் வென்றது. அடுத்த ஆட்டமும் வென்றது. அவ்வளவுதான்; வீரர்கள் வரிசையாக வந்து நூலைத் தொட்டுவிட்டு ஆடத் தொடங்கினார்கள். அதுவரை அவரை ஏறெடுத்தும் பாராத பயிற்சியாளர் ரூலொஃப், தோளில் கைபோட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு, எதிரணிக் கோலிலும் அதே நூலைக் காணும்வரைதான் நீடித்தது.

"என்ன விசர் வேலை இது? அவங்கட கோலுக்கும் காவல் போட்டிருக்கிறீர்!"

"இது காவல் இல்லை. கும்பிடு" என்றார் வேலும்மயிலும்.

"அதை எங்கட பக்கத்தில மட்டும் கும்பிடும்."

"பாதி ஆட்டத்தில பக்கம் மாறுமே."

பக்கத்தில் நின்ற மைதானப் பொறுப்பாளர் கெரிட் சிரிப்பை அடக்க இருமினார். ரூலொஃப் சிரிக்கவில்லை. "அப்ப இடைவேளையில நூலை அவிட்டு மாத்திக் கட்டும். இல்லாட்டி உம்மட கடவுளிட்ட நேராக் கேளும், நாங்கள் வெல்லவேணும் எண்டு."

"நான் கேக்கிறேல்லை. எங்களுக்குத் தா எண்டு கேட்டா, அவங்களுக்குக் குடாதை எண்டல்லோ கேட்டதாப் போகும்."

அடுத்த மூன்று ஆட்டங்களும் தோல்வி. பழி நூலின் மேல் விழுந்தது. வலைப் பக்கமே போகக்கூடாது என்று அவரைப் பார்வையாளர் படிக்கட்டுகளில் குப்பை பொறுக்க விட்டார்கள். "எதிரணிச் சாமியார்" என்று யாரோ பெயர் வைத்தார்கள். வீரர்கள்கூட அப்படியே கூப்பிட்டார்கள். வலைகளை வேறொருவர் பிளாஸ்டிக் கொளுவிகளால் அவசரமாக மாட்டிவிட்டுப் போனார். எந்தக் கண் நைந்திருக்கிறது என்று விரல் விட்டுப் பார்க்க ஆளில்லை. வேலும்மயிலும் வெறும் பியர்க் கோப்பைகளைப் பொறுக்கியபடி, ஒவ்வொரு கோப்பைக்கும் "முருகா" என்றார்.

மே மாதம், கடைசி ஆட்டம். எதிரணி அவர்களுக்கு ஒரு புள்ளி மட்டுமே மேலே இருந்த நெய்க்கர்ஸ் கழகம். வென்றால் கடற்காகங்கள் தப்பும், நெய்க்கர்ஸ் இறங்கும். சமனானாலும் கடற்காகங்களுக்கு முடிவுதான். பகல் இரண்டரைக்கே வானம் கறுத்து, கடற்காற்று மழையைச் சாய்த்து அடித்தது.

எழுபத்தைந்தாவது நிமிடம்வரை கோல் இல்லை. அப்போது கடற்காகங்களின் முன்கள வீரர் ஒருவர் பந்தைத் துரத்திச் சறுக்கி நெய்க்கர்ஸ் கோலுக்குள் போய் விழுந்தார். சப்பாத்து ஆணிகள் மாட்டி, நைந்திருந்த வலை கம்பத்தோரமாக ஆள் நுழையும் அளவுக்குக் கிழிந்தது. மாற்று வலையைக் கொண்டுவரச் சொன்னார்கள். அதை, புல்விதையைப் பறவைகள் கொத்தாமலிருக்க மாசியிலேயே துண்டு துண்டாக வெட்டி விரித்தாயிற்று.

நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து நிமிசம். அதுக்குள்ள சரிவராட்டி ஆட்டத்தை நிப்பாட்டுறன்."

நின்றால் சமன், சமனென்றால் வீழ்ச்சி. கெரிட் யாரிடமும் கேட்கவில்லை. படிக்கட்டுப் பக்கம் திரும்பி, தொண்டை கிழியக் கத்தினார்: "வேலும்! ஓடி வா!"

குப்பைப் பையைப் போட்டுவிட்டு அவர் ஓடி வந்தார். கோட்டருகே ஒரு கணம் நின்று, அந்த மழையிலும் சப்பாத்தைக் கழற்றினார். சட்டைப்பையில் வலை ஊசி இருந்தது. கெரிட் கிழிசலை இழுத்துப் பிடிக்க, மண்டியிட்டுப் பொத்தத் தொடங்கினார். விரல்கள் விறைத்தன. நூல் வழுக்கியது. ஒரு முடிச்சு, ஒரு முருகா. ஒரு முடிச்சு, ஒரு முருகா. ரூலொஃப் அருகில் வந்து குந்தினார். குரல் உடைந்திருந்தது.

"நான் செய்தது பிழை. ஆனா இப்பவாவது கேளும். ஒரேயொருக்கா. இந்த ஊருக்காகக் கேளும்."

வேலும்மயிலும் நிமிர்ந்தபோது, ரூலொஃபின் தோளுக்கு மேலாக நெய்க்கர்ஸ் கோல்காப்பாளரின் முகம் தெரிந்தது. அவரும் நனைந்து வெளிறித்தான் நின்றார். அவருக்கும் ஒரு ஊர் இருந்தது. அடியவர் குனிந்து அடுத்த முடிச்சைப் போட்டார்.

விசில் ஒலித்தது.

"இன்னும் ஒண்டு!" என்றார் அவர். "ஒரு முடிச்சு மட்டும்!"

"நேரம் முடிஞ்சுது. வெளியில போங்கோ."

கம்பத்தின் அடியோரம் ஒரு முடிச்சு போடாமலே நின்றுவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. ஆனால் ஒரு பந்து நழுவி வெளியே போக அந்த இடைவெளி போதும். போனால், கம்பத்துக்கு வெளியால் போனதென்றுதான் இந்த மழையில் எவரும் நினைப்பார்கள். அவர் வேலியைப் பற்றிக்கொண்டு அந்த ஒரு மூலையை மட்டும் பார்த்தபடி நின்றார். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். வேண்டுதல் நெஞ்சிலிருந்து தொண்டைக்கு ஏறிற்று. பல்லைக் கடித்து அதை விழுங்கினார்.

கடைசி நிமிடம். சேற்றிலிருந்து எழும்பிய ஒரு காலில் பட்ட பந்து, கூட்டத்துக்கிடையே தாழ்வாகச் சீறி அந்த மூலைக்கே போயிற்று.

"கரை சேர்" என்ற சொல் அவருடைய நாக்கின் நுனியில் வந்து நின்றது. அவர் அதைச் சொல்லவில்லை. "முருகா" என்று மட்டும் சொன்னார்.

உள்ளேயா வெளியேயா என்று நடுவருக்கும் தெரியவில்லை. ஓடி வந்து பார்த்தார். மூலையில், பொத்திய இடத்தில், வலை பந்தை ஏந்திக்கொண்டு நின்றது. நடுவரின் கை மைய வட்டத்தைக் காட்டியது. கோல்!

ஊர் மைதானத்துக்குள் பாய்ந்தது. ரூலொஃப் சேற்றில் மண்டியிட்டு அழுதார். ஆரவாரம் வீதிக்கு நகர்ந்த பின், வலை அவிழ்க்க வேலும்மயிலும் அந்தக் கோலுக்குப் போனார். நெய்க்கர்ஸ் கோல்காப்பாளர் கம்பத்தில் சாய்ந்து இன்னும் அங்கேயே இருந்தார். அடியவர் தமது மழைக்கோட்டைக் கழற்றி அவர் மேல் போர்த்தினார்.

"அது வெளியில போயிருக்கவேணும்" என்றார் அந்த மனிதர், தரையைப் பார்த்தபடி. "நீங்கள் போன பிறகு அந்த ஓட்டையைக் கண்டனான். கையை விட்டும் பாத்தனான். நடுவரிட்டச் சொல்லேல்லை. ஒருவேளை பந்து அதுக்கால போகட்டும் எண்டு நினைச்சன்."

வேலும்மயிலும் குனிந்து மூலையைத் தொட்டார். இடைவெளி இல்லை. அங்கே ஒரு முடிச்சு இருந்தது. மற்ற முடிச்சுகளைப் போலவே நனைந்து இறுகியிருந்தது. விரலால் தடவினார். அது எதிர்ப்புறமாகச் சுற்றியிருந்தது.

கெரிட் பின்னால் வந்து நின்றார். "என்ன வேலும்?"

"இதை ஆர் போட்டது?"

"நீதானே. உன்னைத் தவிர இஞ்ச ஆருக்கு இந்த முடிச்சுத் தெரியும்?"

"இது இடக்கை முடிச்சு" என்றார் அவர். கரை சேராத வள்ளத்துக்காக இத்தனை ஆண்டுகள் அடக்கிவைத்த அழுகை, அந்த வலையைப் பிடித்தபடியே வெளிவந்தது. தம்பியைத் தம்மிடமிருந்து எவரும் பறிக்கவில்லை என்றும், அவன் சேர்ந்த கரை வேறு என்றும், அந்த ஒரு முடிச்சு அவருக்குச் சொல்லிற்று.

இரண்டு வலைகளையும் அவர் அவிழ்த்து மடித்தார். அந்த முடிச்சை மட்டும் வெட்டவில்லை. அடுத்த பருவம் அந்த முடிச்சுள்ள வலையே மீண்டும் ஏறியது. இரு கோலிலும் மஞ்சள் நூல் இருந்தது. அதை அவிழ்க்கும்படி எவரும் கேட்கவில்லை.

தனக்கென்று ஒன்றும் கேளாமல் எதிரிக்கும் சேர்த்துக் கும்பிட்ட அந்தக் கைகள் விட்டுப்போன முடிச்சை, ஆண்டவன் தன் கையாலேயே போட்டுவைத்தான். அந்தக் கைகளின் ஈரம் நம் கைகளிலும் கொஞ்சம் படட்டும்.