வற்றல் குழம்பில் சர்க்கரை

"டீச்சரம்மா, எல்லாச் சாமானுக்கும் இங்கிலீஷ் பேரு தெரியுது. வாய்தான் திறக்க மாட்டேங்குது."

இதைச் சொல்ல ஐயாறப்பன் அறைக்கு வெளியே, செருப்புகளுக்கு நடுவே நின்றார். அறைக்குள் ஆங்கிலம் மட்டுமே. தமிழ் பேச விரும்புகிறவர் வாசலைத் தாண்டிப் போய்ப் பேசலாம். ஆசிரியை ஸ்டெல்லா விதித்த சட்டம் அது. ஒரு மாதமாகப் பாதிப் பாடத்தை ஐயாறப்பன் செருப்புகளோடுதான் கழித்திருந்தார்.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. ஆயிரம் இலை விருந்தை அதட்டியே நடத்தி முடிக்கும் கல்யாணச் சமையல்காரர். ஆசிரியைக்கு இருபத்தாறு.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கப்பல் நிறுவனத்தின் நேர்காணல். தலைமைச் சமையல்காரர் பதவி. இரண்டு முறை வாயடைத்து உட்கார்ந்து தோற்றாயிற்று. மூன்றாம் முறையும் தோற்றால் இனிக் கூப்பிட மாட்டார்கள்.

ஆசிரியை அவரை உள்ளே வரச் சொல்லிச் சைகை காட்டினார். அவர் மேசைமேல் இருந்தவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்ட, ஐயாறப்பன் பெயர் சொன்னார்.

"ஸ்பூன். சால்ட். சுகர். ஆயில். மஸ்டர்ட். டாமரிண்ட்."

அதோடு நின்றது. ஐயாறப்பன் மறுபடியும் வெளியே போனார்.

"பாத்தீங்களா? கப்பல்ல போயி ஸ்பூன் ஸ்பூன்னு சொல்லிக்கிட்டா நிக்க முடியும்?"

ஆசிரியை அறை மூலையில் இருந்த அடுப்பிடம் போனார். அடுப்பைப் பற்றவைத்து, கழுவிய ஈரத்தோடு வாணலியை ஏற்றினார்.

"என்னம்மா பண்ணப் போறீங்க?"

"வற்றல் குழம்பு."

ஐயாறப்பன் அவசரமாக உள்ளே வந்தார்.

ஈர வாணலியில் எண்ணெய் விழுந்தது. அவர் கண்களை மூடிக்கொண்டார்.

காயாத எண்ணெயில் கடுகு விழுந்தது. அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

கடுகு வெடிக்குமுன்பே புளிக்கரைசலும் விழுந்தது.

அவர் வாசலை நோக்கி ஓரடி வைத்தார். திட்டுவதென்றால் வெளியே போயாக வேண்டும். அதற்குள் ஆசிரியையின் கை சர்க்கரை ஜாடியைத் திறந்துவிட்டது.

"நோ!"

கை நின்றது.

"நோ சுகர்! சால்ட்! ஃபர்ஸ்ட் ஆயில் ஹாட்! தென் மஸ்டர்ட்! மஸ்டர்ட் டான்ஸ், தென் டாமரிண்ட்! ஹூ டீச் யூ குக்கிங்?"

"மை மதர்."

"யுவர் ஃபாதர் ஸ்டில் அலைவ்?"

"அலைவ்."

"காட் இஸ் கிரேட்!"

வாணலியை அவரே இறக்கினார். கரண்டியை மட்டும் ஆசிரியையின் கையில் திணித்தார்.

"வாஷ். வைப். நவ் ஆயில். வெயிட். ஒய் ஹர்ரி? டிரெயின் கமிங்? வெயிட், ஐ சே!"

அவர் சொன்னதையெல்லாம் ஆசிரியை செய்தார். முதுகுக்குப் பின்னால் அதட்டல் அரை மணி நேரம் ஓயவில்லை. கடுகு வெடித்தது, வற்றல் வறுபட்டது, குழம்பு கொதித்தது.

"மாஸ்டர், இறக்கிடலாமா?" என்று தமிழிலேயே கேட்டார் ஆசிரியை.

ஐயாறப்பன் குனிந்து முகர்ந்தார். புளியின் பச்சை வாசனை இன்னும் போகவில்லை.

"நோ," என்றார், வாணலியைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "டூ மினிட்ஸ்."