ஆளுக்கு நூற்றைம்பது பன்றி

அண்ணன் மகள் தமயந்திக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க அம்பாசமுத்திரம் போயிருந்தோம். அண்ணன், மதினி, எங்கள் அக்கா ஆவுடையம்மாள், நான். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கட்டும் என்று கார் டிரைவரையும் உள்ளே கூட்டிக்கொண்டோம்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பிடித்தால்தான் அந்த வீட்டில் கை நனைப்பது. பிடிக்கவில்லையென்றால் ஒரு வாய் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட வேண்டும். கிளம்பும்போது தமயந்தி அக்காவிடம் சொல்லிவிட்டாள். "அத்தை, அவரு இருக்க ஊரைப் பத்தி அவரே வாய் திறந்து நிஜத்தைச் சொன்னா சாப்பிட்டுட்டு வாங்க. அளந்தா எந்திரிச்சு வந்துருங்க. அங்க போயி இருக்கப்போறது நான்தான்." அக்கா முப்பது வருஷம் டீச்சர். மூன்று தடவை ஜனத்தொகைக் கணக்கெடுக்க வீடு வீடாக ஏறி இறங்கியவள்.

உள்ளே இலை போட்டுத் தயாராக இருந்தது. உளுந்த வடை வாசம் கூடம் வரைக்கும் வந்தது. மாப்பிள்ளை குமரேசன் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தான். பேசியதெல்லாம் அவன் தாய்மாமா நம்பிராஜன். அமெரிக்காவில் மருமகனோடு இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தவர்.

"ஹார்ட்வெல் கவுண்டின்னு பேரு. நம்ம தாலுகா மாதிரின்னு வச்சுக்கிடுங்க. மருமகன் போயி இறங்குன அன்னைக்கே ஊர் எல்லை போர்டுல ஜனத்தொகையை அழிச்சு எழுதிட்டாக. நாலாயிரத்து எண்ணூத்திப் பன்னெண்டு. நான் போனதும் பதிமூணு. நான் குளிக்கப் போனாக்கூட ஒருத்தன் பெயிண்ட் டப்பாவோட வாசல்ல வந்து நிப்பான், ஊரை விட்டே போயிட்டேனோன்னு."

"நீங்க திரும்பி வந்தப்போ?" என்றாள் அக்கா.

"கொடியை அரைக் கம்பத்துல இறக்கிட்டாக டீச்சர்."

டிரைவர் இருமினான். நம்பிராஜன் கண்டுகொள்ளவில்லை.

"வேலையில்லாதவனே அங்க கிடையாது. ஒரே ஒருத்தன், எர்லுன்னு பேரு. கணக்குல பூஜ்யம்னு எழுதுனா மேலிடத்துல நம்ப மாட்டாகளாம். அதனால வேலையில்லாம இருக்கதுக்குன்னே அவனுக்குச் சம்பளம் போட்டு வச்சிருக்காக. காலையில எட்டு மணிக்கு வந்து கையெழுத்துப் போடுவான். போன வருஷம் பதவி உயர்வுகூட வந்துச்சு."

"சம்பளம் வாங்குதான்னா அவன் வேலையில இருக்கான்னுதான அர்த்தம்?"

"அது விஷயமாத்தான் கோர்ட்டுல கேஸ் நடக்கு."

அடுத்தது வருமானம். "பன்னி மட்டும் ஏழு லட்சத்து இருபதாயிரம். ஆளுக்கு நூத்தம்பது. ஒவ்வொரு பன்னியும் வருமான வரி கட்டுது. போன தேர்தல்ல ஒண்ணு நின்னு எட்டு ஓட்டுல தோத்துப் போச்சு."

"ஏன் தோத்துச்சு?" என்று டிரைவர் உண்மையிலேயே கவலையோடு கேட்டான்.

"வெளியூர்ப் பன்னி."

எனக்குப் பசி. இந்த மனுஷன் வாயை மூடினால் வடை இலைக்கு வந்துவிடும், மூட மாட்டேன் என்கிறாரே என்று எரிச்சலாக வந்தது. அவரோ ஆரோக்கியத்துக்குத் தாவிவிட்டார்.

"சராசரி வயசு ஐம்பத்தெட்டு. சாவுங்கிறதே அபூர்வம்."

"அப்ப சின்ன வயசுக்காரங்க எல்லாம் ஊரைக் காலி பண்ணிட்டாங்க" என்றாள் அக்கா.

"பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளைக்கு ரெண்டு டீச்சர்."

"பிள்ளை பிறக்கலை."

"ஆஸ்பத்திரியில கூட்டமே இருக்காது. கதவைக்கூட திறக்கதில்லை, எல்லாரும் அவ்வளவு ஆரோக்கியம்."

"பூட்டிட்டாங்களா?"

மதினியின் முகம் வெளுத்துவிட்டது. "அப்ப பிரசவத்துக்கு?" என்றாள். அன்றைக்கு அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"ஹெலிகாப்டர் வரும்மா. வாசல்ல போட்ட கோலம் அழியாம இறங்கும்."

"தமிழாளுக உண்டா?" என்றாள் அக்கா.

"நான் இருந்த ரெண்டு மாசத்துல தமிழர் தொகை ரெண்டு மடங்கு ஆச்சு. அமெரிக்காவுல வேற எந்தக் கவுண்டியிலயும் இந்த வளர்ச்சி கிடையாது."

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அண்ணனும் எழுந்தான். நான் இலையைப் பார்த்துக்கொண்டே எழுந்தேன். வாசலுக்குப் போகும் முன் அவள் குமரேசனிடம் திரும்பினாள்.

"தம்பி, நீங்க ஒரு வார்த்தை பேசலையே."

அவன் மாமாவைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான்.

"ஆஸ்பத்திரியைப் பூட்டி மூணு வருஷம் ஆச்சு டீச்சர். அறுபது மைல் போகணும். பனி கொட்டுனா ரோடு கிடையாது. நான் பன்னிப் பண்ணைகளுக்கு டாக்டர். பெரிய ஊருக்கு மாத்தல் கேட்டிருக்கேன், கிடைக்குமான்னு தெரியாது. தமிழ்ல பேச ஆள் இல்லை. பன்னிககிட்டதான் பேசுதேன். இதெல்லாம் அவங்களுக்குத் தெரியணும்."

நம்பிராஜன் நெற்றியில் அடித்துக்கொண்டார், கல்யாணம் கெட்டது என்று.

அக்கா அங்கேயே போனை எடுத்துத் தமயந்தியிடம் ஒரு சொல் விடாமல் சொன்னாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் குமரேசனிடம், "பன்னிககிட்ட என்ன பேசுவீங்கன்னு கேக்கா" என்றாள்.

"சாப்பிட்டியான்னு கேப்பேன்" என்றான். சொல்லிவிட்டு வெட்கப்பட்டான்.

போனில் தமயந்தி சிரித்தது எனக்கே கேட்டது. அக்கா போனை வைத்துவிட்டு, கை கழுவ எங்கே தண்ணீர் என்று கேட்டாள். அவளுக்கு முன்னால் டிரைவர் கழுவிவிட்டு வந்து இலையில் உட்கார்ந்துவிட்டான்.

நம்பிராஜனுக்கு உயிர் வந்துவிட்டது. "நான்தான் சொன்னேன்ல. மருமகன் பேசிப் பேசி இப்ப ஏழு லட்சம் பன்னிக்கும் தமிழ் அத்துப்படி. அமெரிக்காவுலயே தமிழ் அதிகமா புழங்குற கவுண்டி எங்க கவுண்டிதான். நேத்து ஒண்ணு போன் பண்ணி, டீச்சர் வந்தாச்சான்னு..."

"அண்ணாச்சி," என்றாள் அக்கா, "ஒரு வடையை எடுத்து வாயில வைங்க. கல்யாணம் நடக்கணும்ல."