டிபன் டப்பாவில் வைத்த படிகம்

கடலோரக் கல்லூரி ஒன்றில் நசீமா என்ற பேராசிரியை திரவப் படிகங்களை ஆராய்ந்துவந்தார். லாரன்ஸ் அவருடைய ஆய்வு மாணவர். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துபவர். பேராசிரியையைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.

ஒரு மதியம் லாரன்ஸ் அவர் மேசை முன் வந்து நின்றார்.

“இன்றோடு ஆய்வை விட்டுவிடுகிறேன் மேடம்.”

“என்ன ஆச்சு சார்?”

“மின்சாரம் கொடுத்தால் மூலக்கூறுகள் திசை மாறி எழுந்து நிற்க வேண்டும். நேற்று மூன்று வோல்ட்டில் எழுந்தன. காலையில் இரண்டிலேயே எழுந்தன. இப்போது அசையவே இல்லை. ஒன்று, பொருள் கெட்டுவிட்டது. இல்லையென்றால் எனக்கு வயதாகிவிட்டது.”

“வீட்டில் என்ன சொல்றாங்க?”

“‘திரவமா, படிகமா, ஏதாவது ஒன்றை முடிவு பண்ணிட்டு வாங்க’ என்கிறாள் மனைவி.”

நசீமா சிரித்தார். எழுந்துபோய் நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தார். ஒளிக்கு மாறும் சாயம் கலந்த அந்தத் திரவம், இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே கறுத்துக் கிடந்தது.

அவர் தன் டிபன் கேரியரின் மேல் தட்டைக் கழுவித் துடைத்தார். சில்லை அதில் வைத்து மூடினார்.

“உட்காருங்க. சாப்பிடலாம்.”

“அதைப் பார்க்க வேண்டாமா?”

“நெத்திலி வறுத்திருக்கு.”

சாப்பிடும்போது லாரன்ஸின் கை மூடியை நோக்கிப் போனது. நசீமா ஊறுகாயை அவர் பக்கம் நகர்த்தினார். கை மறுபடியும் போனது. தண்ணீர்ச் செம்பை நகர்த்தினார். அதற்குமேல் லாரன்ஸ் தாமாகவே சிரித்துவிட்டு, மீனை இரண்டாம் முறை போட்டுக்கொண்டார்.

வெயில் சாயும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு நசீமா ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். டியூப்லைட்டை அணைத்தார். சாயத்தை மாற்றாத சிவப்பு ஒளி மட்டும் விழும்படி, நுண்ணோக்கி விளக்கின்மேல் சிவப்புக் கண்ணாடித் தாளைச் சுற்றினார்.

“இப்போ வைங்க.”

லாரன்ஸ் சில்லை வைத்துக் குனிந்தார். முழுவதும் சிவப்பாக ஒளிர்ந்தது. மின்சாரத்தை மெல்ல ஏற்றினார். மூன்றைத் தொட்டதும் மூலக்கூறுகள் எழுந்து நிற்க, இருண்டது. குறைத்தார், மறுபடி ஒளிர்ந்தது. ஏற்றினார். அதே மூன்று.

வெகுநேரம் அவர் தலையை எடுக்கவில்லை.

“கெடவில்லை மேடம்.”

“இல்லை.”

“என்ன செய்தீர்கள்?”

“சாப்பிட்டேன். அது இருட்டில் கிடந்து பழையபடி ஆயிடுச்சு.”

“ஒளி காட்டும் சோதனையை நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே. அதற்கான விளக்கு அலமாரியில்தான் இருக்கிறது. சரியாக இருக்கிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.”

நசீமா டிபன் கேரியரை அடுக்கிக்கொண்டே சொன்னார்:

“எந்த விளக்கு சோதிக்க, எந்த விளக்கு சும்மா பார்க்க என்று அந்தச் சாயத்துக்கு எப்படித் தெரியும் சார்?”

லாரன்ஸ் சில்லை வைக்க மேல் தட்டை மட்டும் அவர் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டார்.