பெயரில் இருந்த நாய்

குளக்கரையில் ஒரு பள்ளி இருந்தது. பல காடுகளின் குட்டிகள் அங்கே ஒன்றாகப் படித்தன. படிப்பை முடித்ததும் யார் எந்தக் கல்லூரிக்குப் போகலாம் என்று ஆலோசனை சொல்ல ஒரு மரங்கொத்தி இருந்தார். பெரிய இடம் கிடைத்தவர்களின் பெயரை வாசல் மரத்தில் கொத்தி வைப்பதும் அவர்தான். அதில் அவருக்கு அப்படியொரு பெருமை!

நீர்நாய்க்குட்டிக்கு ஒரே ஒரு ஆசை. ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கும் நீச்சல் கல்லூரியில் சேர வேண்டும். அம்மாவோடு போய் அவர் முன்னால் நின்றது.

"யாரு நீ?" மரங்கொத்தி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நீர்நாய், சார்."

"நாயா! அப்போ செந்நாய்மலைக் கல்லூரிதான். நம்ம பள்ளியிலிருந்து இதுவரைக்கும் யாருமே அங்கே போனதில்லை!"

"சார், நான் நாய் இல்லை. நீந்துறவ!"

"நான் மரங்கொத்தி, மரம் கொத்துறேன். மீன்கொத்தி மீன் கொத்துது. பேரு பொய் சொல்லுமா?"

"அங்கே தண்ணி இருக்குமா, சார்?"

"குடிக்கிற அளவுக்கு இருக்கும்!"

குட்டி அம்மாவைப் பார்த்தது. அம்மாவோ வாசல் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "செந்நாய்மலையா! கேட்டா உன் சித்தப்பா வீட்டுல வாயடைச்சுப் போயிடுவாங்க. வாயை மூடிக்கிட்டுப் போ!"

போயிற்று. மலையெல்லாம் கொதிக்கும் பாறை. செந்நாய்கள் ஓடின, குட்டி பின்னால் தத்தித் தத்தி ஓடியது. நீந்துவதற்கென்றே விரல்களுக்கு நடுவே இருந்த மெல்லிய தோல் கல்லில் கிழிந்தது. "உன்னை நாய்னு சொல்லித்தானே அனுப்பினாங்க?" என்று கேட்டு, அவை அதை விட்டுவிட்டுப் போய்விட்டன.

நொண்டிக்கொண்டே குளத்துக்குத் திரும்பி வந்தது. ஆசையாகக் குதித்தது. காலால் தள்ளத் தள்ள, தண்ணீர் விரலிடுக்கில் நழுவிப் போயிற்று. அழுதுகொண்டே கரையேறியது. இனி எந்த நீச்சல் கல்லூரி அதைச் சேர்க்கும்?

வாசல் மரத்தின் உச்சியில் அதன் பெயர் பெரிதாகக் கொத்தப்பட்டிருந்தது. மரத்தடியில் மரங்கொத்தி, அம்மாவோடு வந்திருந்த வேறொரு குட்டியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாரு நீ?"

"மரநாய், சார். மரம் ஏறுவேன்."

"அட, இன்னொரு நாய்! இதோ, நம்ம செந்நாய்மலை மாணவியே வந்துட்டா! இவனுக்கு நீயே ரெண்டு நல்ல வார்த்தை சொல்லும்மா!"

நீர்நாய் கிழிந்த காலைத் தூக்கிக் காட்டியது. மரநாயின் அம்மா அதைக் கவனிக்கவேயில்லை. அவள் அண்ணாந்து மரத்தில் இருந்த பெயரைப் படித்துக்கொண்டிருந்தாள்.

வழி சொல்பவர் தன் பெருமையைப் பார்த்து வழி சொன்னால், கிழிவது நடப்பவரின் கால்தான்.